மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கியவர்கள்

"ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறை பார்க்க ஸ்நார்கெலிங் போகலாமா டாக்டர்? காதுக்கு ஏதாவது ஆகுமா?"

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாயிரம் வருஷம் பின்னாடி போகவேண்டியிருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது.

ஆனால் இந்தக் கடலடியை மனிதர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே நன்றாக அறிந்திருந்தார்கள். முத்துக்காக.

கொற்கை முத்து என்றதும் நமக்குப் பெருமை வருது இல்லையா? முதலாம் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருவரின் குறிப்பு, 'பெரிப்ளஸ்', இன்னொன்றும் சொல்கிறது. கொற்கையில் முத்துக் குளிக்க வைக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடுபவர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆங்கிலேயர் காலம் வரை இந்தச் 'சுறா கட்டுபவர்' பதவி தொடர்ந்தது. சிரிக்காதீங்க. மந்திரக்காரர் இல்லாமல் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால், அரசே அவருக்குப் பங்கு கொடுத்தது.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கும்?

காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நுரையீரலில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். செவிப்பறை உள்பக்கம் அமுங்கும். அதைச் சமன் செய்யத் தெரியாவிட்டால் கிழியும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கீழே. மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி. ஒரே நாளில் பல பத்து முறை.

தூத்துக்குடிப் பக்கம் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்தது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. அங்கேதான் கம்ப்ரசர் வந்தது.

படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான குழாய், வாயில் கடித்துக்கொண்டு கீழே. இப்போது மூச்சு தீராது, மணிக்கணக்கில் இருக்கலாம். நல்லதுதானே என்று தோணும். இல்லை. அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துகொண்டே போகும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழிகள். முட்டியில் போனால் வலி. தண்டுவடத்தில் போனால் கால் விழுந்துவிடும்.

இது குமிழியால் வருகிறது என்று பிரான்சில் பால் பெர் 1878-லேயே நிரூபித்துவிட்டார். எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக மேலே வரணும் என்று ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-ல் அட்டவணையே போட்டுவிட்டார். அந்த அட்டவணை நம் படகுகளுக்கு வந்து சேரவில்லை.

நான் கேஷுவாலிட்டியில் பார்த்த ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு காலும் அசையவில்லை, சிறுநீர் போகவில்லை. "மறுபடி கடல்ல எறக்கினா சரியாகிடும் சார், எங்க ஆளுங்க அப்படித்தான் பண்ணுவாங்க" என்றார் அண்ணன். மட்டமாகப் படுக்க வைத்து, முழு ஆக்சிஜன் கொடுத்து, டிரிப்ஸ் போட்டோம். அழுத்த அறை இருக்கும் ஊர் வெகுதூரம். போய்ச் சேர்வதற்குள் மறுநாள் ஆகிவிட்டது.

இப்போ பவளத்துக்கு வர்றேன். பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காக இந்தப் பவளத்தை உடைத்து அள்ளினோம். 2001-ல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதற்குள் சேதம் பெரிது. 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. வெப்பம் கூடி 1998, 2010, 2016-ல் பவளங்கள் வெளுத்தன. ஆகவே பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், தலைமுறையாய்ப் போன தீவுகளில் திடீரென்று அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, தங்கள் உரிமைக்காகப் பேசியவர், 2015-ல் சீகாலஜி விருது வாங்கினார். மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்போம் என்று அந்தப் பெண்களே தங்களுக்கு வரம்பு வைத்துக்கொண்டார்கள். பவளத்தை உடைத்தது அவர்கள் விரல் இல்லை.

நண்பருக்கு என் பதில்: வனத்துறை அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் இறங்காதீங்க. அனுமதி உள்ள இடத்தில் போனாலும் சளி, மூக்கடைப்பு இருந்தால் வேண்டாம். இறங்கும் முன் வேகவேகமா மூச்சு இழுத்துவிட்டு முங்காதீங்க, தண்ணிக்குள்ளேயே மயங்கிடுவீங்க. பவளத்தின்மேல் நிற்காதீங்க, அது உயிர். சிலிண்டர் கட்டி டைவ் பண்ணினால் ஒரு நாளாவது விமானம் ஏறாதீங்க.

அந்தச் சங்குகுளியாளர் ஆறு மாசம் கழித்துக் கம்பு ஊன்றி ஓபிக்கு வந்தார். மறுபடி கடலுக்குப் போறாராம். படகில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொள்கிற வேலை. கீழே இறங்குவது அண்ணன்.