கார்ன்வால், 1936: ஒரு சிற்றந்துப்பூச்சியின் முதற்பதிவு எதைச் சொல்கிறது?

பிரிட்டனின் அந்துப்பூச்சிப் பட்டியல்களில் எபிஃபியாஸ் போஸ்ட்விட்டானா என்ற பெயரைத் தேடினால், அதன் வரலாறு கார்ன்வால் கவுண்டியில், நியூகீ என்னும் கடலோர ஊரில், 1936-ல் தொடங்குவதாகக் காணலாம். வெளிர்பழுப்பு ஆப்பிள் அந்து என்று அங்குள்ளோர் அழைக்கும் இந்தப் பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா. சிறகை மடக்கி அமர்ந்தால் விரல்நகத்தின் நீளமே இருக்கும். இன்று இங்கிலாந்தில் தோட்டத்தில் விளக்குப் பொறி வைப்போருக்கு மிகவும் பழகிப்போன சிற்றந்துப்பூச்சிகளில் இதுவும் ஒன்று. 1936 என்பதை இது பிரிட்டனுக்கு வந்த ஆண்டாகவே பலரும் படிக்கிறார்கள். அப்படிப் படிப்பது பிழை. அது இந்தப் பூச்சியை ஒருவர் இன்னதென்று அறிந்துகொண்ட ஆண்டு. ஒரு கவுண்டியின் பதிவேட்டில் பூச்சியின் வரலாறும் அதைப் பார்த்தவர்களின் வரலாறும் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தெடுக்காமல் அந்த வரியைச் சான்றாகக் கொள்ள முடியாது.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 1863-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வாக்கர் இந்தப் பூச்சிக்கு ஒரு பெயரல்ல, பல பெயர்களை வைத்தார். அவர் வெவ்வேறு இனங்கள் என்றும், சில இடங்களில் வெவ்வேறு பேரினங்கள் என்றும் பிரித்து எழுதியவை பின்னாளில் ஒரே இனம் என்று தெரியவந்தன. இதை வாக்கரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பூச்சியைப் பார்த்தவர்களுக்கு அவருடைய தடுமாற்றம் புரியும். ஆணின் முன்சிறகில் அடிப்பாதி வெளிறிய வைக்கோல் நிறம். நுனிப்பாதி அடர்ந்த பழுப்பு. இரண்டும் சந்திக்கும் கோடு சிலவற்றில் கத்தியால் கீறியது போல் கூர்மையாக இருக்கும், சிலவற்றில் கரைந்துபோயிருக்கும். பெண் பூச்சி பெரியது. பெரும்பாலும் ஒரே நிறமாக, ஒரு கரும்புள்ளி தவிர வேறு அடையாளமின்றி இருக்கும். ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால் ஒரே தாயின் பிள்ளைகள் என்று நம்புவது கடினம். முட்டையிலிருந்து வளர்த்துப் பார்க்காமல், ஊசியில் குத்தி வந்த காய்ந்த உடல்களை மட்டும் வைத்து எழுதியவர் வேறுபாடுகளை எண்ணியதில் வியப்பில்லை. பேரினப் பெயரும் நிலைக்கவில்லை. டார்ட்ரிக்ஸ், ஆஸ்ட்ரோடார்ட்ரிக்ஸ் என்று மாறித்தான் எபிஃபியாஸ் என்பதில் வந்து நின்றது.

இந்தப் பின்னணியில்தான் எட்வர்ட் மெய்ரிக் முக்கியமாகிறார். 1854-ல் பிறந்த மெய்ரிக் 1870-களின் இறுதியிலிருந்து சுமார் பத்தாண்டுகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அங்குள்ள இலைச்சுருட்டி அந்துகளை 1881-லேயே வரிசைப்படுத்தி எழுதியவர். இங்கிலாந்து திரும்பி மார்ல்பரோ கல்லூரியில் ஆசிரியராகப் பணிசெய்துகொண்டே உலகெங்கிலுமிருந்து வந்த பல்லாயிரம் சிற்றந்துகளுக்குப் பெயரிட்டார். இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்கும் முறையை அவர் ஏற்கவில்லை. கைலென்சையும் சிறகின் நரம்பமைப்பையும் தம் நினைவையுமே நம்பினார். கார்ன்வாலில் கிடைத்தது ஆஸ்திரேலிய இனம் என்று 1937-ல் 'என்டமாலஜிஸ்ட்' இதழில் அறிவித்தவர் அவரே. அடுத்த ஆண்டு காலமானார். பிரிட்டிஷ் அந்துப்பூச்சிகளுக்கு அவர் எழுதிய கையேட்டின் திருத்தப் பதிப்பு 1928-ல் வந்தது. அதில் இந்த இனம் இல்லை, இருக்கவும் வழியில்லை. ஆகவே 1930-களின் தொடக்கத்தில் கார்ன்வாலில் ஒருவர் இதைப் பிடித்து, அந்தக் காலத்தின் சிறந்த நூலை வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தாலும், சரியான பெயரைச் சென்றடைந்திருக்க முடியாது. உள்ளூர் இலைச்சுருட்டிகளில் நிறம் மங்கிய ஒன்று என்றே எழுதியிருப்பார். நூலில் இல்லாத பூச்சியை அடையாளம் காண, நூலுக்கு வெளியே அதைப் பார்த்த கண் தேவைப்பட்டது. அந்தக் கண் அப்போது இங்கிலாந்தில் இருந்தது ஒரு தற்செயல்.

அதற்குப் பிந்தைய பதிவுகளும் இதே கேள்வியைக் கேட்க வைக்கின்றன. தாவரவியலாளர் ஹியூவெட் வாட்சன் 1852-ல் வகுத்த முறைப்படி பிரிட்டன் 112 பதிவுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கார்ன்வால் அதில் மேற்கு, கிழக்கு என இரண்டு. ஆட்சி எல்லைகள் மாறினாலும் இந்த எல்லைகள் மாறுவதில்லை என்பதால், பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒரே கட்டத்தில் வைக்க முடிகிறது. ஆனால் கட்டம் மாறாமல் இருக்க, கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. 1950-ல் ராபின்சன் சகோதரர்கள் பாதரச ஆவி விளக்குப் பொறியை அறிமுகம் செய்ததும் ஓர் இரவில் கிடைக்கும் பூச்சிகள் பெருகின. 1973-ல் பிராட்லி, ட்ரெமெவன், ஸ்மித் மூவரின் இலைச்சுருட்டி நூல் வண்ணப்படங்களுடன் வந்தது. 2012-ல் ஸ்டெர்லிங், பார்சன்ஸ் இருவரும் லூயிங்டனின் ஓவியங்களோடு வெளியிட்ட கையேடு, அதுவரை சிற்றந்துகளைத் தொடாமல் விட்ட ஆர்வலர்களையும் உள்ளே இழுத்தது. அதற்கு முன், 2007-ல் தொடங்கிய தேசியப் பதிவுத் திட்டமே பெரிய அந்துகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. ஒரு கவுண்டியின் வரைபடத்தில் திடீரென்று புள்ளிகள் அடர்ந்தால், அங்கே பூச்சி பெருகியதா, புத்தகம் பரவியதா என்று கேட்டே ஆகவேண்டும்.

அப்படியானால் பரவல் என்பதே பொய்த்தோற்றமா என்று ஒருவர் மறுக்கலாம். அவ்வாறு சொல்லவும் சான்று இடம் தராது. பார்ப்பவர்களின் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால், ஆர்வலர்கள் நிறைந்த லண்டனிலும் அதைச் சூழ்ந்த கவுண்டிகளிலும்தான் இந்தப் பூச்சி முதலில் பதிவாகியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. பல பத்தாண்டுகள் தென்மேற்கு மூலையில் நின்றது. பிறகு தெற்குக் கரை நெடுக நகர்ந்தது. அதன்பின்னரே வடக்கே ஏறியது. இதன் புழுவுக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. குளிரில் மெதுவாகத் தின்று மெதுவாக வளரும். கடும் உறைபனியைத் தாங்காது. கடற்காற்றால் குளிர் தணிந்த கார்ன்வால் அதற்கு ஏற்ற வாசல். அங்குள்ள கடலோர ஊர்களின் வேலிகளில் நிற்கும் ஜப்பானிய யூவோனிமஸ் இலையுதிர்க்காத செடி. ஆண்டு முழுவதும் புழுவுக்கு உணவும் மறைவிடமும் தருவது. பூச்சியின் உடலியலும் பதிவுகளின் வரிசையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பரவிய திசையை நம்பலாம். ஒவ்வொரு கவுண்டியிலும் எழுதப்பட்ட முதல் ஆண்டை மட்டும், இதற்குப் பின் அல்ல என்ற மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது. எங்கும் கிடைக்கும் பூச்சிக்கு இவ்வளவு சோதனை எதற்கு, அரியவற்றை மட்டும் சரிபார்த்தால் போதாதா என்பது அது. எனக்கு இது தலைகீழான வாதமாகப் படுகிறது. அரிய பூச்சி என்று ஒருவர் எழுதினால் கவுண்டியின் பொறுப்பாளர் உடனே மாதிரியைக் கேட்பார். சாதாரணப் பூச்சியின் பெயரை எழுதினால் யாரும் கேட்பதில்லை. சிறகுச் செதில் உதிர்ந்த எந்தப் பழுப்பு இலைச்சுருட்டியும் அந்தப் பெயருக்குள் போய்விழ இடமுண்டு. அடையாளம் தெளியாதபோது உடலை அறுத்துப் பார்க்க வேண்டும்; இயலாவிட்டால் பெயரில்லாமல் விடுவதே நேர்மை. தவறான பெயர் தரும் பதிவு, வெற்றிடத்தைவிடத் தீங்கானது. வெற்றிடத்தைப் பின்னால் வருபவர் நிரப்பலாம். முதற்பதிவின் ஆண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை கலிபோர்னியா காட்டியது. 2006-ல் பெர்க்லியில் பூச்சியியலாளர் ஜெர்ரி பவலின் விளக்கில் இதே இனம் சிக்கியது, 2007-ல் உறுதியானது. 500-க்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும் பூச்சி என்பதால் விளைபொருள்களுக்குத் தடைகள் வந்தன. மான்டரே, சான்டா குரூஸ் பகுதிகளில் விமானத்திலிருந்து இனக்கவர்ச்சி மருந்து தெளிக்கப்பட்டது. புதிதாக நுழைந்ததை ஒழித்துவிடலாம் என்றது அரசு. இவ்வளவு பரவலாகக் கிடைப்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும், ஒழிப்பது நடவாது என்றார் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கேரி. மக்களின் எதிர்ப்பால் நகரங்களின் மேல் தெளிப்பது 2008-ல் கைவிடப்பட்டது. கண்ட ஆண்டும் வந்த ஆண்டும் ஒன்றா என்ற கேள்வியில்தான் அந்தச் சண்டை முழுவதும் நின்றது.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது என்பதற்கு வேறோர் அந்து சாட்சி. குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் இலையைத் துளைக்கும் கேமராரியா ஓரிடெல்லா, மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பகுதியிலிருந்து 1986-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. பிரிட்டனில் முதலில் கண்டது 2002-ல், லண்டனின் விம்பிள்டனில். ஆனால் டேவிட் லீஸும் உடனிருந்தோரும் 2011-ல் உலர்தாவரத் தொகுப்புகளைப் புரட்டியபோது, 1879-ல் கிரீஸில் பறித்து ஒட்டிவைத்த இலைகளுக்குள்ளேயே அதன் புழுக்கள் நசுங்கிக் கிடந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எல்லோருடைய கையிலும் இருந்த சான்று அது. கார்ன்வாலின் அந்துவுக்கும் இந்தத் தேடல் பொருந்தும். 1936-க்கு முன் அந்தக் கவுண்டியில் பிடித்துப் பிற இலைச்சுருட்டிகளின் பெயர்ச்சீட்டோடு பெட்டிகளில் குத்திவைக்கப்பட்ட பூச்சிகளை எடுத்து, சிறகை ஒப்பிட்டு, ஐயமானவற்றின் வயிற்றை அறுத்துப் பார்க்கலாம். அவற்றில் ஒரே ஒரு போஸ்ட்விட்டானா கிடைத்தாலும் நியூகீயின் ஆண்டைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.