மலையேறிய கடற்றளம்

சைப்பிரஸ் தீவின் நடுவே துரூடோஸ் என்னும் மலைத்தொகுதி எழுந்து நிற்கின்றது. அதன் அதியுயர் சிகரமாகிய ஒலிம்பஸ் 1952 மீற்றர் உயரமுடையது. அச்சிகரத்திலுள்ள பாறை ஒருகாலத்தில் கடற்றளத்தின் கீழே பல கிலோமீற்றர் ஆழத்தில், புவியோட்டுக்கும் அடியிலே கிடந்ததாகும். உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகின்றவன் கடலடியின் ஆழத்திலிருந்து அதன் மேற்றளத்துக்கு ஏறிவருகின்றான் எனலாம். முதலிற் புவியின் உள்மூடிக்குரிய கரும்பச்சைப் பாறை. அதனையடுத்து ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகிய கப்ரோ. பின்னர் செங்குத்தான பாறைச் சுவர்கள். அடிவாரத்தில், நீருக்குள் வழிந்து சடுதியில் உறைந்தமையால் தலையணைகளைக் குவித்தாற் போன்று தோன்றும் எரிமலைக்குழம்பு.

இத்தகைய பாறைகளுக்கு 1813 இல் பிரெஞ்சு அறிஞர் அலெக்சாந்தர் புரொஞ்ஞார் ‘ஒபியோலைற்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அது பாம்புக்கல் எனப் பொருள்படும். பாம்பின் தோல்போற் பசுமையுடன் மினுங்குவதால் வந்த பெயர். 1927 இல் ஜேர்மானியராகிய குஸ்தாவ் ஸ்ரைன்மன், பாம்புக்கல்லும் எரிமலைக்குழம்பும் ஆழ்கடற் படிவும் மலைத்தொடர்களிற் சேர்ந்தே காணப்படுவதை எடுத்துக்காட்டினார். ஆனால் கண்டங்கள் அசையா என்ற கொள்கை அறிஞருலகில் ஆட்சி செலுத்திய அக்காலத்தில், கடலடி எவ்வாறு மலையேறும்?

விடைக்கு வழிதிறந்தது செங்குத்துப் பாறைச் சுவர்களே. பிளவொன்றினூடே மேலெழுந்த குழம்பு உறைந்து ஒரு சுவராகும். அதனைப் பிளந்துகொண்டு மற்றொன்று எழும். அதையும் பிளந்து வேறொன்று. துரூடோஸிலே இச்சுவர்களுக்கிடையில் வேற்றுப்பாறை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். நிலம் இடைவிடாது விரிந்துகொண்டிருந்த இடத்திலன்றி இது நிகழ இயலாது. கடற்றளம் நடுமுகட்டிலே பிறந்து இருபுறமும் விரிகின்றது என்பதற்கு 1963 இல் வைனும் மத்தியூசும் காந்தச் சான்று காட்டினர். பிரித்தானியக் குடியேற்ற அரசின் கீழ்ச் சைப்பிரஸ் புவிச்சரிதவியற் பகுதியிற் பணிபுரிந்திருந்த இயன் காஸ், துரூடோஸ் பழைய கடற்றளத்தின் துண்டமோ என்னும் வினாவையே தலைப்பாக்கி 1968 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அத்துண்டத்தின் வயது ஏறக்குறைய 9 கோடி 20 இலட்சம் ஆண்டுகள்.

கடலோடு கண்டத்தின் ஓட்டினும் அடர்த்தி மிக்கது. ஆதலால் இரண்டும் மோதுமிடத்தில் அது கீழே அமிழ்ந்து அழிவதே வழக்கம். விதிவிலக்கு நேர்வது இவ்வாறு: ஒரு கடற்றகடு மற்றொன்றின் கீழ் அமிழும்போது, அதன் பின்னே இழுபட்டுவரும் கண்டத்தின் ஓரமும் அதே வாய்க்குட் சென்று சிக்குகின்றது. கண்டம் இலேசானது, ஆழச் செல்ல மறுத்து மிதந்தெழ முயல்கின்றது. எழும்போது தன்மேற் கிடக்கும் கடற்றளத்தையும் தூக்கிவிடுகின்றது. ஓமானின் மலைகள் இவ்வகைக்குப் பெரிய சான்று. சைப்பிரஸுக்குத் தெற்கே எரற்றொஸ்தெனிஸ் என்னும் கடலடி மேடு தீவின் கீழ் நுழைந்து இன்றும் அதனை உயர்த்திக்கொண்டிருக்கின்றது.

கடலடி தீவுக்குக் கொண்டுவந்த செல்வம் செம்பு. வெடிப்புகளினூடே கீழிறங்கிய கடல்நீர் கொதித்து, பாறையிலிருந்த உலோகங்களைக் கரைத்து மேலே கொணர்ந்து, குளிர்நீர் பட்டதும் கந்தகச் சேர்வைகளாகப் படியவிட்டது. இத்தகைய கொதிநீரூற்றுகள் கரும்புகை கக்குவதை 1979 இல் பசிபிக்கின் அடியில் ஆய்வாளர் நேரிற் கண்டனர். செம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லும் இத்தீவின் பெயரால் ஆனவை. தோண்டியவர் பெயரோ எங்கும் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இச்சுரங்கத்தைப் பார்த்த மருத்துவர் கலென், மூச்சுத்திணறும் குகைக்குள்ளிருந்து அடிமைகள் வெற்றுடம்புடன் பசிய நீரைச் சுமந்து ஓடிவந்ததை எழுதிவைத்துள்ளார்.

அவ்வடிமைகள் விட்டுச்சென்ற கசட்டுக் குவியல்களே 1912 இல் அமெரிக்கராகிய சார்ள்ஸ் குந்தருக்கு வழிகாட்டின. 1916 இல் அமெரிக்க மூலதனத்தில் சைப்பிரஸ் சுரங்கக் கூட்டுத்தாபனம் எழுந்தது. ஸ்கூரியொற்றிஸாவிலும் மவ்ரோவூனியிலும் கிரேக்கரும் துருக்கியரும் ஒரே சுரங்கத்துள் இறங்கினர். 1948 ஜனவரியில் இரு இனத்தவரின் தொழிற்சங்கங்களும் ஒன்றுசேர்ந்து கூலியுயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தன. காவற்படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பலர் சிறை சென்றனர். எனினும் போராட்டம் ஏறக்குறைய நான்கு மாதம் நிலைத்தது. புவிச்சரிதவியல் நூல்கள் துரூடோஸைப் பற்றிப் பேசுமிடத்து இதனைக் குறிப்பிடுவதில்லை. பாறையின் அடுக்குகளை வெளிக்கொணர்ந்த குடைவுகள் யாருடைய கையால் வெட்டப்பட்டவை என்று கேட்பது அவ்வியலுக்குப் புறம்பானதாகாது என்பது எம் கருத்து.

1960 இல் தீவு விடுதலை பெற்றது. 1974 இல் துருக்கியப் படை நுழைந்து நாடு இரண்டாகத் துண்டிக்கப்பட்டபோது, மவ்ரோவூனிச் சுரங்கமும் செரோஸ் துறைமுகத்து ஆலையும் வடபகுதிக்குள் அகப்பட்டன. ஸ்கூரியொற்றிஸா எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றது. கூட்டுத்தாபனம் கணக்கை மூடிக்கொண்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற ஆலைக்கழிவு செரோஸ் கடற்கரையிற் குவிந்து கிடக்கின்றது. மழைக்காலத்தில் அதன் செந்நீர் மத்தியதரைக் கடலிற் கலக்கின்றது.