எதற்கு, யார்: கொல்லிமலையிலிருந்து ஒரு குறிப்பு

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. அங்கே 'பாரஸ்ட்காரங்க', 'யூனியன் ஆபீஸ்', 'தாலுகா ஆபீஸ்' என்றுதான் பேச்சு. அதாவது, அரசு அங்கு அலுவலகங்களாக, இன்னும் சொன்னால் ஆட்களாகவே அறியப்படுகிறது.

அரசு தன்னை எழுதிக்கொள்ளும் விதம் வேறு. 1974 ஏப்ரல் 1க்கு முன்பு இந்திய அரசுக் கணக்குகள் பெரிதும் துறை சார்ந்தே பகுக்கப்பட்டன. செலவழித்தது யார் என்பதே தலைப்பு. அதன்பின் எதற்காகச் செலவு என்பது தலைப்பாயிற்று. இன்று 3054 என்றால் சாலைகளும் பாலங்களும். 2406 என்றால் வனவியலும் வனவிலங்கும். எந்தத் துறை போட்டாலும் சாலை சாலைதான். பழங்குடிப் பகுதித் துணைத்திட்டத்துக்கு 796 என்ற சிறுதலைப்பு. அத்திட்டமும் 1974இல், ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதில் நியாயம் உண்டு. துறைகள் பிரியும், பெயர் மாறும். நாமக்கல் மாவட்டமே 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. பணியோ தொடர்கிறது. ஆண்டுக்காண்டு ஒப்பிட்டுப் பார்க்கப் பணிவாரிப் பகுப்பு இல்லாமல் முடியாது. ஆனால் 'வனப் பாதுகாப்பு' என்று எழுதியதுமே, யார் பாதுகாக்கிறார்கள், யாரிடமிருந்து என்கிற கேள்விகள் நழுவிவிடுகின்றன. எழுவாய் இல்லாத வாக்கியத்திடம் மனுக் கொடுக்க முடியுமா?

மலையின் பழைய ஏற்பாட்டில் இந்தப் பிளவு இல்லை. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தார் அல்லர்) நாடு அமைப்பில், வழக்குத் தீர்ப்பதும் திருவிழா நடத்துவதும் ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற முகம் தெரிந்த ஆட்களிடம் இருந்தன. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அதுவும் அதிகாரந்தான், பெண்களுக்கு இடம் தராத அதிகாரம். வளப்பூர்நாடு, அரியூர்நாடு, வாழவந்திநாடு என்பன இன்று ஊராட்சிகளின் பெயர்கள். பெயர் தங்கிவிட்டது, பணிகளில் பெரும்பகுதி துறைகளுக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை வாசிக்கலாம். உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்த்துத் தீர்மானிக்கும் வேலையைத் தொடங்கும் அதிகாரம் கிராமசபைக்கு என்கிறது அது. பணியையும் சொல்கிறது, செய்பவரையும் சொல்கிறது. கணக்குப் புத்தகம் செய்யத் தவறுவது இதைத்தான். எதற்கு என்பது சட்டமன்றத்துக்கு வேண்டும். மனுவோடு மலையிறங்குகிறவருக்கு யார் என்பதும் வேண்டும்.