வாஜிர் சந்தையில் தொடங்கிய அமைதி

கென்யாவின் வடகிழக்கில், சோமாலியா எல்லையை ஒட்டிய வறண்ட மாவட்டம் வாஜிர். ஒட்டகமும் மாடும் ஆடும்தான் அங்கே சொத்து. மழை பொய்த்தால் மேய்ப்பருக்கு ஒரே வழிதான்: மந்தையை ஓட்டிக்கொண்டு தண்ணீர் இருக்கும் பக்கம் நடப்பது. ஆனால் போய்ச் சேரும் கிணறு இன்னொரு குலத்துடையதாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில், கடும் வறட்சியை ஒட்டி, அங்குள்ள சோமாலியக் குலங்களுக்குள் சண்டை மூண்டது.

சண்டை சந்தைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு குலத்துப் பெண்கள் இன்னொரு குலத்தாரிடம் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். தேகா இப்ராஹிம் அப்தி என்ற ஆசிரியையும் அவர் தோழிகளும் முதலில் கையில் எடுத்தது இதைத்தான். யாரும் யாரிடமும் பால் வாங்கலாம், அவ்வளவுதான் கோரிக்கை. கேட்க ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் சந்தை திறந்த பிறகுதான் பெரியவர்களைப் பேச உட்கார வைக்க முடிந்தது. 1993இல் அல் ஃபத்தா உடன்படிக்கை பிறந்தது. 1995இல் அந்த அமைதிக் குழு மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தது. எங்காவது மாடு திருடு போனால், பழிக்குப் பழி தொடங்குவதற்குள் பெரியவர்களும் பெண்களும் அதிகாரிகளும் சேர்ந்து அங்கே போய் நிற்பார்கள்.

அதற்காக மோதல் ஒழிந்துவிட்டது என்றில்லை. 2014இல் கார்ரே, டெகோடியா குலங்கள் மறுபடி மோதின. அரசியல் அதிகாரம், எல்லை என்று காரணங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

வறட்சி நிவாரணம் என்றால் நமக்கு ஆழ்துளைக் கிணறுதான் நினைவுக்கு வரும். யாருக்கு உரிமை என்று பேசி முடிக்காமல் வெட்டிய கிணறே புதுச் சண்டைக்குக் காரணமாகலாம். வாஜிர் பெண்கள் முதலில் சரிசெய்தது கிணற்றை அல்ல, அதுவரை போகிற பாதையை.