ஆசனம் யாருக்குச் சொந்தம்?

மே மாசம் மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறீர்களா? மேட்டூர் பஸ் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றுப்பட்டு ஊர்களில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைக்குள் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். கொப்பரை முன்னால் நின்று பாகு கிண்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், ‘‘அமெரிக்காவுல இந்த மாதிரி சூட்டுல நிக்கிறதுக்குக் காசு கட்டுறாங்கண்ணே!’’ என்றேன். ‘‘என் கூலியைவிட ஜாஸ்தியா தம்பி?’’ என்று கேட்டார். ஜாஸ்திதான். நான் சொல்லவில்லை.

‘ஹாட் யோகா’ என்கிறார்களே, அந்தச் சமாசாரம்தான். அறையை 105 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே சூடாக்குவார்கள். உள்ளே ஒன்றரை மணி நேரம் 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி. எந்த ஊரானாலும் அதே வரிசை. வாத்தியார் பேசும் வசனம்கூட மாறாது!

சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் இதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கல்கத்தாவில் 1923-ல் உடற்பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தவர் பிஷ்ணு சரண் கோஷ். ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. அண்ணன் 1920-லேயே அமெரிக்கா போய் தியானம் சொல்லிக்கொடுத்தார். தம்பியோ உள்ளூரில் பளு தூக்குதல், தசைப் பயிற்சி, ஆசனம் மூன்றையும் கலந்துகட்டி இளவட்டங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு, ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆசனம் எழுதிக் கொடுப்பார். டாக்டர் சீட்டு மாதிரி.

அவருடைய சிஷ்யர்தான் பிக்ரம் சௌத்ரி. 1944-ல் பிறந்தவர். ஜப்பானில் வகுப்பெடுத்துவிட்டு, 70-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் கடை விரித்தார். குளிர்ப் பிரதேசத்தில் கல்கத்தா வெயிலை உண்டாக்க ஹீட்டர் போட்டதாக அவரே சொன்ன கதை உண்டு. குரு ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். சிஷ்யர் எல்லாருக்கும் ஒரே சீட்டு கொடுத்தார். பி.காம். படித்த எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப்படுகிறது. ஒரே மாதிரி சரக்கு என்றால்தானே கிளை திறக்க முடியும்? 1978-ல் புத்தகம். அப்புறம் ஒன்பது வாரப் பயிற்சி முகாம், வாத்தியார் ஆக ஆசைப்பட்டால் ஆயிரக்கணக்கில் டாலர். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் பயிற்சிக்கூடங்கள். குருநாதர் வீட்டில் ரோல்ஸ்ராய்ஸ், பென்ட்லி வரிசை!

பணம் சேர்ந்ததும் அடுத்த ஆசை. ‘இந்த 26 ஆசன வரிசை என் சொத்து, என்னைக் கேட்காமல் யாரும் நடத்தக் கூடாது’ என்று பதிப்புரிமை கேட்டார். முன்னாள் மாணவர்கள் மேலேயே வழக்கு. தாத்தன், பூட்டன் சொல்லிவைத்துப் போனதற்கு ஒருத்தர் பட்டா கேட்டால் எப்படி? மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டில் காப்புரிமை வாங்கியதில் சுட்டுக்கொண்ட இந்திய அரசு, 2001-ல் பாரம்பரிய அறிவுக்கான டிஜிட்டல் நூலகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதில் ஆசனங்களையும் ஏற்றினார்கள். 2012-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கையை விரித்தது. 2015-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லிவிட்டது. புத்தகத்துக்கு உரிமை உண்டு, அதில் சொல்லியிருக்கும் ஆசன முறைக்குக் கிடையாது. சமையல் புத்தகம் எழுதியவர், ‘இனிமே யாரும் சாம்பார் வைக்கக் கூடாது’ என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோல!

அந்த வழக்கோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். 2013-லிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கோர்ட்டுக்கு வந்தார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் பலாத்காரம், அத்துமீறல் என்று புகார். பிக்ரம் மறுத்தார். அவரிடமே சட்ட ஆலோசகராக இருந்த மீனாட்சி ஜஃபா போடன் என்ற பெண்ணும் வழக்குப் போட்டார். அந்தப் புகார்களை விசாரிக்கப்போனதால் தன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள், தன்னிடமும் தவறாக நடந்தார்கள் என்பது அவர் வாதம். 2016 ஜனவரியில் ஜூரிகள் அவர் பக்கம் நின்று, 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். பிக்ரம் அமெரிக்காவைவிட்டே கிளம்பிவிட்டார். 2017-ல் கைது வாரன்ட், அதே வருஷம் கம்பெனி திவால். பல கூடங்கள் பெயர்ப்பலகையிலிருந்து அவர் பெயரை அழித்துவிட்டு, ‘ஹாட் யோகா’ என்று மட்டும் எழுதிக்கொண்டன.

சரி, புதுசாகப் போகிறவர்களுக்கு வருகிறேன். சாப்பிட்ட வயிற்றோடு போகாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வடிகிற வேர்வை தண்ணீரும் உப்பும்தான், கொழுப்பு இல்லை. அதனால் அன்றைக்கே எடை மெஷினில் ஏறி சந்தோஷப்பட வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் இருக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கால் வைக்கவே கூடாது.

பிக்ரம் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. தலை சுற்றினாலும் அறையைவிட்டு வெளியே போக விடமாட்டார்கள், அங்கேயே உட்கார் என்பார்கள். உங்கள் வகுப்பிலும் யாராவது அப்படிச் சொன்னால், காதில் வாங்காமல் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கதவு எந்தப் பக்கம் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.