செல்லுக்குள் போன வெப்பமானி

உடற்சூட்டை அளந்த வரலாற்றைக் கருவிகள் சிறுத்துக்கொண்டே வந்த கதையாகச் சொல்வது வழக்கம். 1860களில் லைப்ஸிக் மருத்துவமனையில் கார்ல் வுண்டர்லிஷ் நோயாளிகளின் அக்குளில் வைத்த வெப்பமானி ஓரடி நீளம். 2013இல் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் குழு மனித செல்லுக்குள் செலுத்திய வைரத்துகளோ ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஆனால் சிறியதாக இருந்தால் போதுமென்றால் வைரமே தேவைப்பட்டிருக்காது. சூட்டுக்கேற்ப ஒளி மாறும் சாயங்களும் பாலிமர்களும் அதற்கு முன்பே செல்லுக்குள் போயிருந்தன. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படியொரு பாலிமரைக் கொண்டு அளந்து, உட்கரு சைட்டோபிளாசத்தைவிடச் சுமார் 1 டிகிரி கூடுதல் சூடு என்றனர். இத்தகைய பொருட்களின் ஒளியைச் சூடு மட்டும் மாற்றுவதில்லை. அமிலத்தன்மையும் உப்பும் பாகுத்தன்மையும்கூட மாற்றலாம். அளந்தது சூட்டையா, சூழலையா?

அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக வந்ததுதான் வைரத்தின் பெருமை என்று நினைக்கிறேன். படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்து, பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்தக் குறை பச்சை ஒளி பட்டுச் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை பட்டால் அந்தச் சிவப்பு மங்கும். வைரம் ஒரு டிகிரி சூடேறினால் அந்த அலைவெண் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். அளவுகோல் கெட்டியான படிகத்துக்குள் இருப்பதால் செல்லின் அமிலம் அதை எளிதில் கலைப்பதில்லை. துகளுக்குத் துகள் தொடக்க அலைவெண் சற்று வேறுபடுவது உண்மை. ஒவ்வொன்றையும் அதனோடே ஒப்பிட்டால் மாற்றம் நம்பகமாகத் தெரியும்.

வலுவான மறுப்பு வேறொன்று. ஹார்வர்டில் சூட்டை உண்டாக்கியது செல் அல்ல, லேசரால் சூடேற்றிய தங்கத்துகள். செல் தானே உண்டாக்கும் வெப்பத்தைக் கணக்கிட்ட பிரெஞ்சு ஆய்வாளர்கள், உள்ளே டிகிரியின் லட்சத்தில் ஒரு பங்குதான் உயரும் என்று 2014இல் எழுதினர். இதை ஒதுக்கிவிட முடியாது. 2021இல் சூடாக்கியாகவும் வெப்பமானியாகவும் இயங்கிய வைரத்துகள்கள், செல்லின் உட்புறம் தண்ணீரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்துவதாகக் காட்டின. அதனால் சூடு உள்ளே கூடுதலாகத் தேங்கலாம்; ஆனால் அந்த ஆறு மடங்கால், கணக்கிட்ட உயர்வுக்கும் பாலிமர் காட்டிய 1 டிகிரிக்கும் இடையிலான லட்சம் மடங்கு இடைவெளி அடைபடாது. ஆகவே செல்லின் சொந்தச் சூட்டை வைரம் நிரூபித்துவிட்டது என்பது மிகை. வெளியிலிருந்து ஊட்டும் சூடு உயிருக்குள் என்ன செய்கிறது என்பதை அளப்பதில்தான் அதன் கை ஓங்கியிருக்கிறது. 2020இல் புழுக்கருவின் ஒரு பகுதியை மட்டும் லேசரால் சூடாக்கி, செல்கள் பிரியும் வேகத்தையே மாற்றினார்கள்; எந்த இடம் எத்தனை டிகிரி என்று சொன்னது வைரத்துகள்.