ஏழு நாள் ராஜா

போன மே மாதம் திருச்சியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். டெல்லிக்கு யார் வந்தாலும் குதுப்மினாருக்குக் கூட்டிப் போவது நம் தலையில் எழுதிய கடமை. வெயிலில் மண்டை காய்ந்தபடி இல்டுட்மிஷ் சமாதிக்குள் நுழைந்தோம். "என்னடா, சுல்தான்ங்கறே, மேலே கூரையே இல்லையே?" என்றார். சுற்றிலும் அத்தனை கல்வேலை, நடுவில் வெள்ளைப் பளிங்கு, மேலே வெறும் ஆகாயம்.

அங்கே நின்றபோது எனக்கு இல்டுட்மிஷை விட அவருடைய பேரன் ஞாபகம்தான் வந்தது. ரஸியாவைத் தெரியும் எல்லோருக்கும். இந்தப் பேரனை யாருக்குத் தெரியும்?

வருஷம் 1301. அலாவுதீன் கில்ஜி ரந்தம்போர் கோட்டையை முற்றுகையிட்டு உட்கார்ந்திருக்கிறார். (பத்து வருஷம் கழித்து, 1311ல், மாலிக் காஃபூரை மதுரை வரை அனுப்பினாரே, அதே அலாவுதீன்தான்.) டெல்லியில் ஹாஜி மௌலா என்று ஒருவன். பழைய கொத்தவால் ஃபக்ருதீனிடம் இருந்தவன். புதுக் கொத்தவால் திர்மிஸி மேல் ஊர் ஜனங்களுக்குக் கடுப்பு. இது போதாதா?

ரமலான் மாசம், உச்சி வெயில், ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். டெல்லி மே மாத மதியத்தை அனுபவித்தவர்களுக்கு அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்த புத்திசாலித்தனம் புரியும். சுல்தானிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்று சொல்லிக் கொத்தவாலை வெளியே வரவழைத்து வெட்டிப் போட்டார்கள். சிரி கோட்டைக் கொத்தவால் அயாஸுக்கும் ஆள் போனது. அவர் உஷார், வரவில்லை. அப்புறம் சிறைக்கதவு திறந்தது, கஜானா திறந்தது, காசு வாரி இறைக்கப்பட்டது.

எல்லாம் சரி, சிம்மாசனத்தில் யாரை வைப்பது? தான் உட்கார்ந்தால் எவனும் மதிக்க மாட்டான் என்று ஹாஜி மௌலாவுக்கே தெரியும். தாய் வழியில் இல்டுட்மிஷ் பேரன் ஒருவர் ஊரில் இருந்தார். அலி வம்சத்தவர் என்பதால் பரணி அவரை 'அலவி' என்றே எழுதுகிறார். அவர் வீட்டுக்குப் போய், மனிதரைப் பலவந்தமாகத் தூக்கி வந்து செவ்வரண்மனையில் உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களையும் இழுத்து வந்து கையை முத்தமிட வைத்தார்கள். இல்டுட்மிஷ் செத்து 65 வருஷம். அவர் வம்சத்து ஆட்சி 1266லேயே முடிந்தாகிவிட்டது. ஆனாலும் அந்த ரத்தத்துக்கு மார்க்கெட் இருந்தது பாருங்கள்!

இதே சமயத்தில் ஸ்காட்லாந்திலும் இந்தக் கூத்துதான். காலியான சிம்மாசனத்துக்கு 13 பேர் உரிமை கோர, இங்கிலாந்து ராஜா எட்வர்டு 1292ல் ஜான் பேலியலைத் தேர்ந்தெடுத்தார். 1296ல் அவரே பிடுங்கியும் கொண்டார். 'வெற்றுச் சட்டை' என்று பட்டப்பெயர் கிடைத்தது. ஆனால் பேலியல் ராஜாவாக ஆசைப்பட்டவர். நம்ம ஆள் கேட்கவேயில்லை.

அலாவுதீனுக்கு மூன்றே நாளில் சேதி போய்விட்டது. மனிதர் வெளியே மூச்சு விடவில்லை, முற்றுகையையும் விடவில்லை. மாலிக் ஹமீதுதீன் என்பவர் தன் பிள்ளைகளோடு கஜினி வாசல் வழியாக உள்ளே புகுந்தார். தெருவில் சண்டை. ஹாஜி மௌலா செத்தான். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

பழைய கொத்தவாலின் பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்கிறார் பரணி. அவர்களையும் விட்டு வைக்கவில்லை. கலகம் ஏன் வருகிறது என்று அலாவுதீன் யோசித்து நாலு காரணம் கண்டுபிடித்தார்: உளவு போதாது, குடி, பிரபுக்களுக்குள் சம்பந்தம் பேசுவது, கையில் மிதமிஞ்சின பணம். பதாயூன் வாசலில் கொட்டின மதுவில் மழைக்காலம் போலச் சேறானதாம்! ஜனங்களுக்குக் கொத்தவால் மேல் ஏன் கடுப்பு என்பது மட்டும் அந்த நாலில் வரவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். "அது சரி, அந்தப் பேரனை என்னடா பண்ணாங்க?"

"தலையை வெட்டி ஈட்டியில சொருகி ஊரைச் சுத்திக் காட்டினாங்க சித்தப்பா."

தண்ணீர் பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தார். திரும்பி ஒரு தரம் கூரையில்லாத அந்த சமாதியைப் பார்த்துவிட்டு, "வாடா, ஆட்டோவைப் பிடி" என்றார்.